புனிதவதி சிரிக்காமல் நின்ற நாள்

கெர்லிங் சாலையிலிருந்து பூமரத்துத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் புனிதவதியின் கடை இருக்கிறது. இரும்புக் கால்கள், மேலே தகரம், கீழே மூன்று மேசை. வடை, தோசை, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் கிடைக்கும். ஆனால் அந்தக் கடையில் பேர்போனது இவை எதுவும் இல்லை. அவளுடைய சிரிப்பு.

அது லேசுப்பட்ட சிரிப்பு அல்ல. முதலில் தோள் குலுங்கும். பிறகு தோளில் கிடக்கும் துண்டு வாய்க்குப் போகும். அதற்கு மேலும் அடைக்க முடியாமல் ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், செம்பனை மரத்துக் குரங்குகள் இறங்கிவந்து என்ன ஏதென்று விசாரித்துவிட்டுப் போகும். தோட்டத்து மேனேஜரின் நாய் ஒன்று அந்தச் சத்தத்தில் மிரண்டு தஞ்சோங் மாலிம் வரைக்கும் ஓடி, அங்கேயே குடும்பம் குட்டியோடு தங்கிவிட்டது. நம்பாதவர்கள் போய் அந்த நாயையே கேட்டுக்கொள்ளலாம்.

சிரிக்கக் கூடாத இடம் என்று ஒன்று இருந்தால் அங்கேதான் அவளுக்குச் சிரிப்பு வரும். தாலி ஏறும்போது சிரித்தாள். நாதஸ்வரக்காரர் கன்னம் அப்படி உப்பியிருக்கக் கூடாதாம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், சிரிக்கக் கூடாது என்று மலாய்க்காரப் பெண் சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணும் சிரித்தாள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று அந்த ஆபீசில் படம் எடுத்த அத்தனை பேரும் இன்றைக்கும் அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புருஷன் காளியண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகன் செல்வாவை ஆளாக்கியது இந்தக் கடைதான். அழுத காலமும் உண்டு. அதை அவள் கடைக்கு எடுத்துவந்ததில்லை.

சிரிப்புக்கு முக்கால்வாசிக் காரணம் சன்னாசி.

சன்னாசி அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். முகம் கல். கோயில் வாசலில் அரிவாளோடு நிற்கிற முனியாண்டியாவது புதுச் சாயம் பூசுகிற வருஷத்தில் கொஞ்சம் சிரித்த மாதிரி தெரியும். சன்னாசிக்கு அந்தச் சலுகையும் இல்லை. அந்தக் கல் முகத்தை வைத்துக்கொண்டே அவர் பேசுவதெல்லாம் கேலி. குடும்பம் புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் தினம் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் உள்ள தேநீர்க் கடைகளை எல்லாம் எதிரியைப் போலப் பார்த்துக்கொண்டே கடந்து, புனிதவதி கடையில் வந்துதான் உட்காருவார்.

"என்னா மச்சான், தலையில எண்ணெ வழியுது? வடைக்கு எண்ணெ பத்தல, கொஞ்சம் புழிஞ்சி குடுங்க."

"புழியலாம். அப்புறம் ஓன் வடையத் திங்கிறவனுக்கெல்லாம் வயித்துல முடி மொளைக்கும். பரவால்லையா?"

ஒருநாள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அம்பாங் பெச்சாவுல அந்தக் காலத்துல அணை ஒடைஞ்சி ஊரே போச்சில்ல? வெள்ளக்காரன் வெள்ள மொதலையச் சுட்டான், அதான் ஒடைஞ்சிச்சின்னு சொல்றானுங்க. சும்மாலா. ஓன் பூட்டி அந்தப் பக்கம் போயிருப்பா. யாராச்சும் எதாச்சும் சொல்லியிருப்பான். சிரிச்சிருப்பா."

அன்று கவிழ்ந்த தோசைமாவு இன்றும் மேசைக்காலில் காய்ந்து கிடக்கிறது.

அவளும் விடுவதில்லை. நாற்பது வருஷமாக அவளுக்கு இருந்தது ஒரே லட்சியம். மச்சானை ஒரு தடவையாவது சிரிக்கவைத்துவிட வேண்டும். நடக்கவில்லை.

இந்தக் கேலிக்கு அவர்களுக்குப் பாத்தியதை கொடுத்தது முறை. இரத்த சம்பந்தம் ஒரு சொட்டும் கிடையாது. இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் வேர் விட்டு, கிளை விட்டு, சன்னாசி புனிதவதிக்கு மச்சான் ஆனார், அவள் அவருக்குக் கொழுந்தியாள் ஆனாள். அவள் மகன் செல்வா அவரைப் பெரியப்பா என்றான். அவர் மகள் ஷாமளா அவளைச் சின்னம்மா என்றாள். அந்தக் கணக்கில் செல்வாவும் ஷாமளாவும் அண்ணன் தங்கை. ஆனால் ஷாமளா அவனை அண்ணன் என்று கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை. 'ஹலோ' என்பாள். பட்டணத்துப் பெண், அப்படித்தான் பேசும் என்று விட்டுவிட்டார்கள்.

மச்சானும் கொழுந்தியாளும் எதையும் சொல்லிச் சிரிக்கலாம். அண்ணனும் தங்கையும் அப்படிப் பேச முடியாது. முறை மாறிவிட்டால் பேச்சும் மாறிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் அங்கே நீதிபதி சின்னத்தாய் பாட்டி. எண்பதைத் தாண்டியவள். அவளுடைய சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு சட்டம்: வாயால் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அந்தச் சட்டம் பிறந்தது ஒரு வயிற்றெரிச்சலில். அவள் குமரியாக இருந்தபோது ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். ஒருநாள் ரப்பர்ப் பால் ஷீட்டுகளைப் புகை போடும் கட்டடத்து இருட்டில் யாரோ வழியை அடைத்துக்கொண்டு நிற்க, "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்றுவிட்டாள். நின்றது அந்த மாப்பிள்ளை. அண்ணன் என்று கூப்பிட்டவளைக் கட்ட முடியாது என்று பெரியவர்கள் சம்பந்தத்தைக் கலைத்துவிட்டார்கள். அவள் வேறொருவரைக் கட்டி எட்டுப் பிள்ளை பெற்றாள். ஆனாலும் அந்த இருட்டை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. தனக்குக் கிடைக்காத சலுகை யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தாள்.

இப்படிப்பட்ட தோட்டத்துக்குத்தான் ஷாமளா கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குக் கோலாலம்பூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை. குறும்படப் போட்டி ஒன்றுக்குக் கதை எழுதியிருந்தாள். சண்டை போட்டுப் பிரிந்துபோன அண்ணன் பல வருஷம் கழித்துத் தங்கையின் வாசலில் வந்து நிற்கிறான். தங்கை கதவைத் திறந்து பார்க்கிறாள். அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: "அண்ணே... இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. அண்ணன் யாரு?" என்று கேட்டாள் புனிதவதி.

"அப்பாதான்."

"தங்கச்சி?"

"நீங்கதான்."

புனிதவதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கடை வரலாற்றில் அப்படி ஒரு சிரிப்பு பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை.

"ஏன் புள்ள, ஓங்கப்பன நான் எப்பிடி அண்ணேங்கிறது? மொற என்னாத்துக்கு ஆகும்?"

"ஆக்டிங்லா. சும்மா."

"சும்மாவா? சும்மான்னா என்னான்னு சின்னத்தாய் பாட்டிகிட்டப் போயிக் கேளு."

அண்ணே என்று வாயால் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் மச்சான் வந்து உட்காரும்போது என்ன பேசுவது? மகன் வேலைக்குப் போனால் இரவுதான் வருவான். வந்தாலும் போனோடுதான் பேசுவான். அவளுக்கென்று ஒரு நாளில் இருப்பது காலையில் அந்த ஒரு தேநீர் ஆறுகிற நேரம்தான். அதை ஒரு சினிமா வசனத்துக்காகக் கொடுத்துவிடுவதா?

ஆனால் செல்வா, எதையும் வற்புறுத்திக் கேட்டே பழக்கமில்லாத செல்வா, "செய்ம்மா" என்றான். ஒரு தடவை சொல்லவில்லை. சாப்பிடும்போது சொன்னான், கை கழுவும்போது சொன்னான், தூங்கப் போகும்போது கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னான். சன்னாசியைக் கேட்டால் அவர் கல் மாதிரி, "எனக்கென்னா? வாசல்ல வந்து நிக்கணும். நாப்பது வருஷமா அதத்தான செய்றேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டியபிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஷாமளா போன் செய்தாள். "அத்தை, சனிக்கெழம காலையில ரெடியா இருங்க."

"யாருக்குடி போன் பண்ணுற? நான் ஓன் சின்னம்மா."

"தெரியும் அத்தை. கேரக்டர்ல இருக்கணும்ல, அதான்."

அதற்கு மறுநாள் செல்வா, "மாமா சனிக்கெழம கார்ல வர்றாரா, மோட்டார்லயா?" என்றான்.

"எந்த மாமா?"

"சன்னாசி மாமா."

"பெரியப்பாடா."

"நடிப்புக்குப் பழகிக்கிறேம்மா."

"ஒனக்குத்தான் நடிப்பே இல்லையே. நீ வெள்ள அட்டையப் புடிச்சிக்கிட்டு வெளிச்சம் காட்டுறவன். வெளிச்சம் காட்டுறவனுக்கு என்னாடா மாமா?"

அவன் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சினிமா என்றால் வெளிச்சம் காட்டுகிறவனுக்கும் முறை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் புனிதவதி. சினிமாவைப் பற்றி அவளுக்கென்ன தெரியும்.

சனிக்கிழமை வந்தது. பழைய லயத்தின் கோடி வீடுதான் தங்கை வீடு. தோட்டத்தில் மிச்சமிருக்கிற அத்தனை குடும்பமும் நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டது. முன்வரிசை நடுவில் சின்னத்தாய் பாட்டி, மடியில் வெற்றிலைப் பெட்டி. கேமராவைப் பிடிக்கிறவன் கேசவன். ஷாமளாவோடு கோலாலம்பூரில் வேலை பார்க்கிற பையன். அவன் ஒரு நீளக் கம்பின் நுனியில் மயிர் அடர்ந்த எதையோ கட்டி, அது புனிதவதியின் தலைக்கு மேலே தொங்கும்படி கூரையில் செருகினான்.

"என்னாயா அது? முசாங்கா?"

"மைக்ம்மா. காத்துச் சத்தம் வராம இருக்க மேல உறை."

செத்த மரநாயைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு சோகமாக நிற்கச் சொன்னால் யாரால் முடியும்? சன்னாசி வாசலில் வந்து நின்றார். கையில் பழைய பை, கிழிந்த சட்டை. முகத்துக்கு எந்த ஒப்பனையும் தேவைப்படவில்லை.

"ஆக்‌ஷன்!"

கதவைத் திறந்தாள். மச்சானைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

"கட்!"

மறுபடி திறந்தாள். "அண்..." என்று வந்தது. 'ணே' வருவதற்குள் துண்டு வாய்க்குப் போய்விட்டது. மறுபடி. மறுபடி. நாலு தடவைக்குப் பிறகு கேசவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

"அம்மா, கேமராவப் பாக்காதீங்க. அவரையே பாருங்க."

"அவரப் பாத்தாத்தான்யா சிரிப்பே வருது. நீ கேமராவையே பாக்கச் சொல்லு, அழுவுறேன்."

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாக்கைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடித்தாள், 'அஞ்ஞே' என்று வந்தது. வாயில் பச்சை மிளகாயை ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது. செத்துப்போன புருஷனை நினைத்துக்கொள்ளச் சொன்னாள் ஒருத்தி. நினைத்தாள். காளியண்ணன் தீபாவளியன்று புது வேட்டியோடு காட்டுக்கால்வாயில் விழுந்து, எழுந்து, "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் தடவை அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சன்னாசி மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு வந்து நின்றார். போதாததற்கு, கேமராவுக்குக் கேட்காதபடி உதட்டை அசைக்காமல், "கொழுந்தியா, தலைக்கு மேல மொசாங் குட்டி போடுது" என்றார்.

ஷாமளாவின் கண் கலங்கியது. "அப்பா, ப்ளீஸ்லா. அத்தை, ஒரே ஒரு தடவ. அந்த ஒரு வார்த்த போதும். மத்த வசனம்கூட வேணாம். அண்ணேன்னு சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

எல்லாருக்கும் எதற்குக் கேட்க வேண்டும்? மயிர் அடர்ந்த முசாங்குக்குக் கேட்டால் போதாதா? புனிதவதிக்குப் புரியவில்லை.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். அவள் லயத்துப் பின்பக்கம் முகம் கழுவப் போனாள். அங்கே வாழைமரத்தடியில் ஷாமளா முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். செல்வா அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வாழை இலை நிழலுக்குக் கீழே எதற்குக் குடை?

இருபத்தொன்பது வயதுப் பையன். பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கழிக்கிற பையன். தன் அம்மாவுக்கு ஒருநாள் குடை பிடித்தது கிடையாது.

புனிதவதி அப்படியே நின்று விரலை மடக்கினாள். மச்சான் மச்சானாக இருந்தால் அவர் மகள் எனக்கு மகள். அவர் அண்ணனானால்... அண்ணன் மகள் எனக்கு... ஒரு விரல் மடங்கிய இடத்தில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து மடக்கிப் பார்த்தாள். கணக்கு அதே இடத்தில்தான் வந்து நின்றது. மருமகள்.

"டேய் செல்வா. இங்க வா."

அவன் குடையோடு வந்தான்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷமாம்மா."

"ஏன்டா, வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா? கேமரா, மொசாங், கிழிஞ்ச சட்ட, இதெல்லாம் எதுக்கு?"

"யாருகிட்டச் சொல்றது? போன வருஷம் சோமு அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மொற சரியில்லன்னு கோயில் மண்டபம் குடுக்க மாட்டேன்னது யாரு? பெரியப்பாதானே. இப்பத் தன் மகளுக்குன்னா மட்டும் எப்பிடி மாத்திப் பேசுவாரு? அவரு பேசினாலும் சின்னத்தாய் பாட்டி விடுமா? மொற தானா மாறினாத்தான் உண்டு. வாயால கூப்பிட்டது கூப்பிட்டதுதான்னு பாட்டிதான சொல்லுது. ஷாமளாதான் யோசிச்சா."

"ஓங்க பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?"

அது நியாயமான பேச்சு.

புனிதவதி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். மகனுக்கு ஒரு பெண்டாட்டி ஒரு பக்கம். நாற்பது வருஷத்துக் காலைப்பொழுது இன்னொரு பக்கம். நடுவில் ஒரு சொல். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா, இந்தப் பிள்ளைகளை விளக்குமாற்றால் அடிப்பதா என்று ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கலாம் என்று பார்த்தாள். சிரிப்பைக் காணவில்லை. வாய்க்குப் போகலாமா என்று துண்டு தோளில் காத்திருந்தது. வேலை வரவில்லை.

"போயி அந்த அட்டையப் புடி," என்றாள். "வெளிச்சம் நல்லா காட்டு."

மறுபடி எல்லாரும் கூடினார்கள். சின்னத்தாய் பாட்டி புதிதாக வெற்றிலை போட்டுக்கொண்டு, "இன்னிக்கு முடியுமா, இல்ல எனக்குக் கருமாதி முடிஞ்சிதான் முடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ரோலிங். ஆக்‌ஷன்!"

கதவு திறந்தது. சன்னாசி நின்றார். கையில் பை. தலைக்கு மேல் முசாங். புனிதவதி அவர் முகத்தையே பார்த்தாள். எந்தக் காலத்திலும் அவரை அப்படிச் சிரிக்காமல் பார்த்ததில்லை. காதோரம் முடி வெளுத்திருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. இது எப்போது வந்தது? நாற்பது வருஷமாக இந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேனா, வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தேனா?

அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"அண்ணே," என்றாள். கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

எழுதியிருந்தபடி சன்னாசி தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அவர் குனியவில்லை. புனிதவதியின் சிரிக்காத முகத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய கன்னத்தில் எதுவோ துடித்தது. தொண்டைக்குள்ளிருந்து, பத்து வருஷம் கொட்டகையில் கிடந்த லோரியை யாரோ முடுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. பை கையிலிருந்து விழுந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தார்.

நெஞ்சுவலி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள், அடையாளம் தெரிவதற்கு? செல்வா வெள்ளை அட்டையை எறிந்துவிட்டு, "மாமா! மாமா!" என்று ஓடினான். ஷாமளா, "அத்தை, தண்ணி! அத்தை, சீக்கிரம்!" என்று அலறினாள்.

"ஒண்ணுமில்லடா," என்றார் சன்னாசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவ மூஞ்சிய... அவ சிரிக்காத மூஞ்சிய நீங்க பாத்தீங்களா? அய்யோ, என்னால முடியலடா சாமி!" மறுபடி லோரி முடுக்கிக்கொண்டது.

நாற்பது வருஷமாக எத்தனை கேலி, எத்தனை நையாண்டி பேசிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. சிரிக்காமல் நின்றால் மச்சான் சிரிப்பார் என்று யாருக்குத் தெரியும்? சந்தோஷப்படலாம் என்று புனிதவதி வாயைத் திறப்பதற்குள் சின்னத்தாய் பாட்டியின் குரல் வந்தது.

"இருங்கடா. ஏன்டா செல்வா, பெரியப்பனப் போயி மாமாங்கிற? அந்தப் புள்ள என்னாடான்னா சின்னம்மாவ அத்தைங்குது. என்னாடா நடக்குது இங்க?"

சிரிப்பு நின்றது. செல்வாவின் முகம் வெளுத்தது. ஷாமளா கேசவனைப் பார்த்தாள்; கேசவன் கேமராவைப் பார்த்தான்; அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணன்னு கூப்பிட்டாச்சில்ல பாட்டி," என்றாள் புனிதவதி. முகத்தில் இன்னும் ஒரு கோடு அசையவில்லை. "நீங்கதான் முன்னால ஒக்காந்து கேட்டீங்க. அண்ணன் புள்ளைக்கு நான் அத்தை. எம்புள்ளைக்கு அவரு மாமா. கூப்பிட வேண்டியதத்தான் கூப்பிடுதுங்க."

"அடி இவளே! அது நடிப்புடி!"

"பொகக்கொட்டாயி இருட்டுல, ஆள் தெரியாமக் கூப்பிட்டது செல்லும்னு தானே ஓங்க கல்யாணத்தக் கலைச்சாங்க? பட்டப்பகல்ல, ஆள் தெரிஞ்சி, இத்தன வெளிச்சம் போட்டு, தோட்டமே கேக்கக் கூப்பிட்டது செல்லாதா? அப்பிடின்னா ஓங்களுதும் செல்லாம இருந்திருக்கணுமே பாட்டி."

சின்னத்தாய் பாட்டியின் வாய் பாதி மென்ற வெற்றிலையோடு நின்றது. வெற்றிலைச் சாறு கடைவாயில் இறங்கியது. அவள் பார்வை செல்வாவிடம் போயிற்று, ஷாமளாவிடம் போயிற்று, ஷாமளாவின் நாற்காலியில் மாட்டியிருந்த செல்வாவின் குடையிடம் போயிற்று. அந்தக் கிழவி முட்டாள் இல்லை. செல்லாது என்று சொன்னால் எண்பது வயதில், தான் சும்மா ஏமாந்தவள் என்று ஆகிவிடும். செல்லும் என்று சொன்னால் இந்தச் சிறுசுகள் ஜெயித்துவிடும்.

"செல்லும்," என்றாள் கடைசியில். பிறகு ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும், "அன்னிக்கி அந்த ஆளு மேலயும் இப்பிடி ஒரு வெளிச்சம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, முடிக்காமல் விட்டாள்.

எல்லாரும் கோயில் தலைவரைப் பார்த்தார்கள். சன்னாசி முகத்தைத் துடைத்தார். துடைத்த கை இறங்கியபோது கல் திரும்பி வந்திருந்தது.

"பாட்டி சொல்லிட்டா சரிதான். மண்டபத்துக்குத் தேதி பாக்கச் சொல்லுங்க."

"அப்பா, ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று ஷாமளா கேட்டாள்.

"தெரியும்," என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அந்த முகத்தைப் பார்த்து இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தில் அண்ணன் ஏன் சிரிக்கிறான் என்று கேசவனுக்கும் கடைசி வரை விளங்கவில்லை. இதுவே போதும் என்று ஷாமளா சொன்னாள். அவன் பெட்டியைக் கட்டினான்.

மறுநாள் காலை சன்னாசி வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். புனிதவதி தேநீரைக் கொண்டுபோய் வைத்தாள்.

"அண்ணே, தே."

"ம்."

அவள் வடையைத் திருப்பினாள். அவர் தேநீரைப் பார்த்தார். என்ன பேசுவது? தலையில் எண்ணெய் வழிந்தது. அண்ணன் தலை எண்ணெயைத் தங்கை எப்படிச் சொல்வது? குலை லோரிக்காரன் ஒருவன் உள்ளே வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "யாரு தவறிட்டாங்க அக்கா?" என்று கேட்டான். மகனுக்கு நல்லது செய்தாகிவிட்டது, அதில் வருத்தமில்லை. ஆனால் கடை இப்படி ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்று யார் கண்டது? வடை ஒன்று கருகியது.

"பாட்டி ஒரு விஷயத்தச் சொல்லாம விட்டுட்டா," என்றார் சன்னாசி, தேநீரைப் பார்த்தபடியே.

"என்னாது?"

"மகன் வீடும் மக வீடும் என்னா மொற?"

"சம்பந்தி."

"சம்பந்தியக் கேலி பண்ணலாமா?"

புனிதவதி கரண்டியோடு திரும்பினாள். எந்தக் கல்யாணத்தில் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் சும்மா விட்டிருக்கிறார்கள்? கேலி பேசவில்லை என்றால் மதிக்கவில்லை என்று முகம் தூக்கிக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துபோனவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் அண்ணனே சம்பந்தியாக வந்தால்? அண்ணனுக்குத் தலை குனிய வேண்டும். சம்பந்திக்கு வாய் திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது? விரலை மடக்கினாள். இந்தத் தடவை கணக்கு எங்கேயும் வந்து நிற்கவில்லை.

"பாட்டியத்தான் கேக்கணும்," என்றாள்.

"கேப்போம். அது வரைக்கும் எம்மக இந்த வீட்டுக்கு வர்றாளே, அத யோசி சம்பந்தி. இந்த வடைய முதல்ல போலீஸ்ல கொண்டுபோயிக் காட்டிடு. ஆயுதம்னு புடிச்சிடப் போறானுங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நேற்றுக் கற்றுக்கொண்ட வித்தை வீணாகலாமா? முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்:

"நேத்தே காட்டிட்டேன் சம்பந்தி. வடைய விட்டுட்டாங்க. ஒங்க மூஞ்சியத்தான் கொண்டுவரச் சொல்றாங்க."

சன்னாசியின் வாயோரம் அசைந்தது போலிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். உற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவளுக்கு அதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.